ஆறு வீடு, ஒரு மீட்டர், ஒரு பல்பு கங்காணி

சூரியனை வேலைக்கு வைத்து, அதற்குப் பேர் போட்ட ஒரே மனிதர் எங்கள் லயத்துப் பல்பு கங்காணிதான். எத்தனையோ துரைமார் இந்தத் தோட்டத்தை ஆண்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் துணிச்சல் வந்ததில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வெயில் நன்றாகக் காய்ந்த நாளில் கங்காணி தன் கொப்பியில் "சூரியன், ஒரு பேர்" என்று எழுதுவார். பத்து மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டால் "அரைப்பேர்". மழை நாளில் "வேலைக்கு வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடும் இழுப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கரண்டு பில்லில் அது அச்சடித்து வரும். ஆனால் பில்லின் அடியில் இருக்கிற தொகையைப் பார்த்தவர்களுக்கு மேலே பெயரைப் பார்க்கத் தெம்பு இருக்காது.

எங்கள் லயம் பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகிற ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஆறு காம்பரா, ஆறு குடும்பம், ஒரே ஒரு மீட்டர். அந்த மீட்டர் முதலாம் காம்பராவில், மலையில் ஆட்களை மேய்த்து வேலை ஓய்ந்த கங்காணியின் பெயரில் இருந்தது. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அதிலிருந்து வயர் இழுத்துக்கொண்டு, பில் வந்ததும் பங்கு போட்டுக் கொடுப்போம். தனி மீட்டர் வேண்டுமென்றால் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் என் மகள் பிறந்த காலத்திலிருந்து "வரும், வரும்" என்றே இருக்கிறது.

கரண்டு மலிவாக இருந்த காலத்தில் கங்காணி சாதாரண மனிதராகத்தான் இருந்தார். பில் ஏற ஆரம்பித்த வருஷம்தான் அவருக்கு இது பிடித்தது. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் தொகை அப்படிக் குதித்தது. அவர் பில்லை எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போய், யாரிடமோ விளக்கம் கேட்டுவிட்டு வந்து, எங்களை வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்துச் சொன்னார்.

"கொஞ்சமா எரிக்கிறவனுக்குக் கொறஞ்ச ரேட்டு. நெறைய எரிக்கிறவனுக்குக் கூடின ரேட்டு. நாம ஆளுக்கு ஆள் கொஞ்சமாத்தான் எரிக்கிறோம். ஆனா ஆறு ஏழைய ஒரே மீட்டருக்குள்ள போட்டா, அந்தப் பக்கம் ஒரு பணக்காரன் வெளிய வர்றான். அந்தப் பணக்காரன் யாரு தெரியுமா? நான்தான்."

அடுத்த நாளிலிருந்து பல்புப் பெரட்டு தொடங்கியது.

காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பது. இவர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்புகளுக்குப் பெரட்டு வைத்தார். பழைய தொப்பி, கையில் கம்பு, கக்கத்தில் கொப்பி. ஒவ்வொரு வாசலிலும் நின்று எத்தனை பல்பு, எது எரிகிறது, எதற்கு எரிகிறது என்று கேட்பார். அடுப்பு அணைந்த குசினியில் ஆள் இல்லாமல் எரிகிற பல்புக்கு வேலை இல்லையென்று உடனே அனுப்பிவிடுவார். டீவி நாடகம் எட்டரைக்கு முடிகிறதா என்று பார்க்க ஐந்தாம் காம்பராவில் போய் உட்காருவார். முடிந்ததும் தானே எழுந்து அணைப்பார். பிறகு, அந்த மருமகள் விஷம் வைத்தாளா இல்லையா என்று எங்கள் வீட்டுக்கு வந்து கவலைப்படுவார்.

மிச்ச நேரமெல்லாம் மீட்டருக்கு முன்னால் வாங்கு போட்டு உட்கார்ந்திருப்பார். மீட்டருக்குள் ஒரு தகடு சுற்றுமே, அது சுற்றுகிற வேகத்தை வைத்தே எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லுவார். "இது கிரைண்டர் ஓட்டம்." "இது ஹீட்டர், யாரோ தண்ணி சுட வைக்கிறாங்க." ஒரு காலை நேரம் தகடு தலைதெறிக்கச் சுற்றியது. கங்காணி தொப்பியும் இல்லாமல் ஓடி வந்து மூன்றாம் காம்பராக் கதவைத் தட்டினார். அங்கே இருந்தவள் தங்கமலர். அவளுடைய புருஷன் பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

"அயன் பெட்டியக் காட்டு" என்றார் கங்காணி.

தங்கமலர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தாள். "என் புருசன் சட்டைச் சுருக்கத்த எண்ணி வச்சு என்ன செய்யப் போறீங்க கங்காணியாரே? பெட்டி சூடாத்தான் இருக்கு. ஒங்க மூஞ்சியக் கொண்டாங்க, அதையும் ஒரு இழுப்பு இழுத்து விடுறேன்."

லயமே சிரித்தது. அவர் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு திரும்பிப் போனார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வராது. எங்கள் நாலாம் காம்பராவில் ஓடியது அயன் பெட்டி இல்லை.

என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கிற அறையில் இருந்தவர். அத்தனை வருஷத் தூளும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. குளிர் வந்தால் இழுப்பு வரும். பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்து, மூச்சு மிசின் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகள் எப்படியோ வாங்கிக் கொடுத்தாள். கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி, முகமூடி வழியாக உள்ளே அனுப்பும். பனிக்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. அது ஓடாவிட்டால் அவருடைய உதடு நீலமாகிவிடும்.

மிசினை முதல் தடவை போட்டபோது மீட்டரில் புது ஓட்டத்தைக் கண்டுபிடித்துக் கங்காணி ஓடி வந்தார். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. சண்டைக்கு வந்தால் அழுகைதான் வரும். அவர் வாசலில் நின்று பார்த்தார். முகமூடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மிசின் சத்தம் கேட்டால் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, எல்லா வீட்டு டீவியையும் அணைக்கச் சொல்லுவார். "வயர் மெல்லிசு. மிசினுக்குக் கரண்டு பத்தாமப் போயிரும்" என்பார்.

இவ்வளவு பெரட்டு நடத்தியும் பில் ஏறிக்கொண்டேதான் போனது. இரண்டு வீட்டில் பங்கு கொடுக்க வழியில்லை. சமைக்கிற அரிசியையே அளந்து போடுகிறவர்களிடம் போய் என்ன கேட்பது. பாக்கி நின்றது. அடுத்த பில் பாக்கியோடு வந்தது. மூன்றாவதாக ஒன்று வந்தால் வெட்டிவிடுவார்கள் என்று பேச்சு.

அந்த நேரம் பார்த்துக் கங்காணியைக் காணவில்லை. பத்து நாள். பல்புகளெல்லாம் இஷ்டத்துக்கு எரிந்தன. கடன்காரனாகிவிட்ட வெட்கத்தில் ஓடிவிட்டார் என்றார்கள். பதினோராம் நாள் மத்தியானம் அவர் ரோட்டிலிருந்து இறங்கி வந்தார். முதுகில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடிப் பலகை. எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுசில் புதிதாகப் பெரிய சோலார் போட்டார்களாம். கழற்றிப் போட்ட பழைய பேனல் ஒன்றையும், ஒரு பேட்டரியையும், பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டியையும் கூலியாகத் தரச் சொல்லி, பத்து நாள் அங்கே புல் வெட்டியிருக்கிறார். பஸ்ஸில் பேனலுக்கும் டிக்கட் வாங்கச் சொன்னானாம் கொண்டக்டர். டிக்கட் வாங்கியதால் பேனலை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, இவர் நின்றுகொண்டு வந்திருக்கிறார்.

"லயம் முழுக்க எரிக்க இது காணாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மிசினுக்குக் காணும். பல்பு அணைஞ்சா இருட்டுத்தான் தங்கச்சி. மச்சானுக்கு மிசின் அணையக் கூடாது."

நான் கட்டிலடியில் பேட்டரிக்கு இடம் ஒதுக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே, கரண்டை வெட்டுவோம் என்று சிவப்பு நோட்டீஸ் வந்தது.

மறுநாள் கங்காணி ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். பாதி ஏறும்போதே ஆபீசுக்குச் செய்தி போய்விட்டது. பெரிய கிளாக்கர் கூப்பிட்டு விட்டார். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், அதில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். சரி என்று கங்காணி பேனலைக் கொண்டுபோய் மேல்மலைப் பாறையில் வைத்தார். எங்கள் பள்ளத்தில் வெயில் இரண்டு மணி நேரம் நின்றால் பெரிது. மேலேதான் நாள் முழுக்க இருக்கும். மலைக் காவலுக்கு இருக்கிற வோச்சர் வந்து எடுக்கச் சொன்னான். பாறையும் தோட்டத்துக்குச் சொந்தம். மறுபடியும் ஆபீஸ்.

அந்த இரண்டாம் தடவை நானும் கூடப் போயிருந்தேன். வெளியே கதவோரத்தில் நின்றேன். கங்காணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கூரையில வைக்கக் கூடாதுங்க. நெலத்துல வைக்கக் கூடாதுங்க. ஆள் மேல வைக்கலாங்களா ஐயா?"

"என்னது?"

"ஆளும் தோட்டத்துக்குச் சொந்தம்னு எதுலயாச்சும் எழுதியிருந்தா சொல்லிருங்க. வைக்க மாட்டேன்."

கிளாக்கர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மூடினார், திரும்பக் கழற்றினார். அந்த ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரு பைல் இருக்கும். இதற்கு மட்டும் இல்லை. "போங்க, போங்க" என்று கையை அசைத்தார்.

அதைக் கங்காணி உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் பேனலைக் கொழுந்துக் கூடை மாதிரிக் கயிறு கட்டி, கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டார். முப்பது வருஷம் பெண்களைப் பார்த்துக் "கூடைக் கயித்த ஒழுங்காப் போடு" என்று விரட்டிய மனிதர். ஆம்பிளைகள் அந்தக் கயிற்றைத் தலையில் போடுவதே கிடையாது. பேட்டரியையும் அவருடைய முதுகிலேயே ஏற்ற முடியாது. அதனால் அது என் கொழுந்துக் கூடைக்குள் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வயர் நாலு முழம்.

அந்த வெட்கத்தை எப்படிச் சொல்லுவது. என் வீட்டுக்காரரோடுகூட நான் மலையில் பக்கத்தில் நடந்ததில்லை. இப்போது கங்காணி முன்னால், நான் பின்னால், நடுவில் வயர். அவர் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். பனி ஒரு சரிவை மூடினால் அடுத்த சரிவுக்கு இரண்டு பேரும் நடக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எக்கா, மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போறீங்களா, மாடு ஒங்களப் புடிச்சுக்கிட்டுப் போகுதா?" என்று மேல் தேயிலை நிரையிலிருந்து தங்கமலர் கேட்டாள்.

ரோட்டில் வேனை நிறுத்தி வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கங்காணி அவர்களுக்காகக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிசினைப் பேட்டரியில் மாட்டினோம். ஓடியது. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவை சூரியனுக்குப் பேர் போட்டார்.

நோட்டீஸில் போட்டிருந்த நாளில் கரண்டு வெட்ட ஆள் வந்தான். குறடு போட்டு இழுத்தான், போனான். இரண்டு நிமிஷ வேலை. ஆறு வீடும் இருண்டது. கங்காணி மீட்டருக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்தே இருந்தார். தகடு அசையவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை.

அதற்கு மறுநாள் பனி இறங்கியது. சும்மா பனி இல்லை. முன் வீட்டு வாசல் தெரியாத பனி. இரண்டு நாள் நாங்கள் மலைக்குப் போயும் பேட்டரி கால்வாசிகூட ஏறவில்லை. கொப்பியில் சிவப்பு மைதான். இருந்ததை வைத்து நாளுக்கு ஒரு தடவை மட்டும் மிசினைப் போட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் என் வீட்டுக்காரருக்கு இழுப்பு ஏறிவிட்டது. மிசினைப் போட்டேன். இரண்டு நிமிஷம் ஓடியது. கரண்டு மாற்றுகிற பெட்டி கீ கீ என்று கத்தி, சிவப்பு லைட்டைக் காட்டிவிட்டு நின்றது. அவர் என் கையைப் பிடித்தார். பேச முடியவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. நான் வாசலுக்கு ஓடி வந்தேன். கத்த வேண்டும், சத்தம் வரவில்லை. தங்கமலர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு லயத்தையே கூட்டினாள்.

ஆட்டோவுக்குப் போன் எடுத்தார்கள். பெரகலயிலிருந்து வர வேண்டும், வழியில் மண் சரிந்து கிடக்கிறது, அரை மணிக்கு மேல் ஆகும் என்றான். பள்ளத்துக்குள் ஆட்டோ இறங்காது. எப்படியும் ரோட்டுக்குத் தூக்க வேண்டும்.

கங்காணி பேனலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கதிரையில வச்சுத் தூக்குங்க. பனி நம்ம பள்ளத்துலதான் கெடக்கு. ரோட்டுல வெயில் இருக்கும்."

"இல்லாட்டி?" என்றாள் தங்கமலர்.

"இல்லாட்டி ஆட்டோ இருக்கும். ரெண்டுல ஒண்ணாச்சும் வரணும்ல."

என் வீட்டுக்காரரை உட்கார வைத்து நாலு பேர் கதிரையைத் தூக்கினார்கள். நான் கூடையில் பேட்டரியும் கரண்டு மாற்றுகிற பெட்டியும் கையில் மிசினுமாகப் பின்னால் ஏறினேன். படி வழுக்கியது. பனிக்குள் அவருடைய மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் கதிரை எங்கே போகிறது என்று தெரிந்தது. அந்தச் சத்தம் இடையில் நின்று நின்று வந்தது. நிற்கும்போது நானும் நின்றேன்.

ரோட்டுக்கு வந்தோம். ஆட்டோ இல்லை. வெயில் இருந்தது, ஆனால் எங்களுக்கு எட்டவில்லை. ரோட்டோரத்து மண்மேட்டின் நிழல் ஆள் உயரத்துக்கு விழுந்து கிடந்தது. வெயில் அதற்கு மேலேதான் போனது. மேட்டில் ஏற நேரமில்லை. கங்காணி வயரைப் பேட்டரியில் மாட்டிவிட்டு, பேனலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வலது கையால் ஏந்தி, இடது கையால் சாய்த்து, வெயிலுக்கு நேராக்கினார். எழுபது வயது. பேனல் ஒரு சின்னப் பிள்ளையின் பாரம் இருக்கும்.

தங்கமலர் பெட்டியின் லைட்டைப் பார்த்துச் சொன்னாள். "சிவப்புதான் இருக்கு."

"பச்சை வரட்டும்."

ஐந்து நிமிஷம் போனது. சிவப்பு. அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் மாற்றிப் பிடிக்கப் போனார். வேண்டாம் என்றார், அசைந்தால் வெயில் தப்பிவிடுமாம். பத்து நிமிஷம். என் வீட்டுக்காரருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் முகமூடியை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மேகத் துண்டு சூரியனுக்கு முன்னால் நகர்ந்தது. வெளிச்சம் மங்கியது.

கங்காணி அண்ணாந்து, மலையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். "எங்கடா போற? பேர் வெட்டிருவேன்."

மேகம் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. தோளில் ஏதோ சடக்கென்றது எனக்கே கேட்டது. பேனல் அசையவில்லை.

"பச்சை" என்றாள் தங்கமலர். அவள் குரலே மாறிப்போயிருந்தது.

மிசினைப் போட்டேன். கரகரவென்று ஓடியது. புகை முகமூடிக்குள் போனது. ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. நாலைந்து மூச்சுக்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்து, தலைக்கு மேலே கறுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தார். ஆட்டோ வருகிற வரைக்கும் கங்காணி கையை இறக்கவில்லை. ஏற்றிய பிறகும் உடனே இறக்கவில்லை. இறக்க முடியவில்லை என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். பிழைத்துக்கொண்டார். இதை எழுதும்போதுகூட என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னைய ரொம்ப நோயாளியா எழுதாத" என்கிறார். லயத்தில் தங்கமலர் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்து, பாக்கியைக் கட்டிக் கரண்டைத் திரும்ப வாங்கிவிட்டாள். சாயங்காலப் பெரட்டு இப்போதும் நடக்கிறதாம். நாங்கள் பதுளைக்கு மகள் வீட்டோடு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி பக்கம்.

போன வருஷம் தோட்டத்துத் தேருக்குப் போயிருந்தோம். சாமியைத் தூக்கிக்கொண்டு வரும்போது எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்கள். கங்காணி எங்களுக்கு எதிர்ப் பக்கம் நின்றார். அவருடைய இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது.

"அன்னைக்கிலருந்து அந்தக் கை ஏறல" என்று தங்கமலர் என் காதில் சொன்னாள். "வைத்தியம் பாக்கச் சொன்னா, கைக்கு மட்டும் மொதல்ல வயசாயிருச்சுங்கிறாரு."

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் என்னை அதட்டினார்.

"என்ன தங்கச்சி, இங்க பாத்துக்கிட்டு நிக்கிற? சாமி அந்தப் பக்கம் போகுது."

எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை. கையைக் கூப்பியபடி நின்றேன். அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.